வணக்கமும் வினாவும்

பொழுது புலர்கிறது. பெய்ஜிங் நகரத்துப் பூங்காவொன்று. பனி இன்னும் முற்றும் விலகவில்லை. மரங்களுக்கிடையே முதியவர் சிலரும் இளையவர் சிலரும் வரிசையாக நிற்கின்றனர். ஓசையில்லை, ஓட்டமில்லை, ஒருவரையொருவர் முந்தும் பரபரப்பில்லை. கண்ணுக்குத் தெரியாத பந்தொன்றைக் கைகளில் ஏந்தியவர்போல் நின்று, உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றி, ஒரு கையை உயர்த்தி, மறு கையைத் தாழ்த்துகின்றனர். வெண்கொக்கு சிறகு விரிக்கிறது என்று அந்த அசைவுக்குப் பெயர். மற்றொன்றுக்குக் குருவியின் வாலைப் பற்றுதல் என்று பெயர். பிறிதொன்றுக்கு மேகக் கைகள் என்று பெயர். தாய்ச்சி என்னும் கலை இது. பார்ப்பவருக்கு நடனம், பயில்பவருக்கு உடற்பயிற்சி, பிறப்பை அறிந்தவருக்கோ போர்க்கலை!

அந்த வரிசையிலே நிற்கும் இளைஞன் ஒருவன் ஆசிரியரைப் பார்த்து, "இந்தக் கையை இவ்விடத்தில் வைப்பானேன்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் புன்னகை புரிகிறார். "கேளாதே, செய். பத்தாண்டு செய்தபின் உனக்கே விளங்கும்" என்கிறார்.

இது அறிவா? ஏய்ப்பா? இதுதான் நம் முன் நிற்கும் சிக்கல்.

நம் இளைஞர்களில் பலர் உடனே தீர்ப்பெழுதிவிடுவர். "கேளாதே என்றவன் எவனாயினும் அவன் ஏமாற்றுக்காரன், ஐயத்தைக் கண்டு அஞ்சுபவன் அறிவைக் கண்டும் அஞ்சுவான்" என்று முழங்குவர். அந்த முழக்கம் நமக்கும் பிடித்த முழக்கமே. ஆயினும் அவ்வளவு விரைவு வேண்டாம் என்கிறோம். பகுத்தறிவு என்பது பகுத்து அறிவது. ஒரே கோலால் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளுவதன்று. ஆசிரியரின் "கேளாதே" என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்று நல்லது, மற்றது நஞ்சு. இரண்டும் ஒரே ஆடையை உடுத்தி வருவதுதான் தொல்லை.

நல்லதை முதலில் பார்ப்போம். தாய்ச்சியிலே 'சோங்' என்று ஒரு சொல் உண்டு. தளர்வு என்று மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்த்த உடனேயே அது கெட்டுவிடும். தளர்த்து என்றால் மாணவன் துவண்டு போகிறான். துவளாதே என்றால் விறைத்துக்கொள்கிறான். துவளாமலும் விறைக்காமலும், தசை ஓய்ந்திருக்க எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து எடையைத் தரைக்கு இறக்குகின்ற நிலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லால் கொடுக்க முடியாது. ஆயிரம் பக்க ஏடு எழுதினாலும் கொடுக்க முடியாது. நீந்தத் தெரியாதவன் கரையிலே நின்றுகொண்டு, "தண்ணீர் என்னைத் தாங்கும் என்பதற்கு முதலில் சான்று காட்டு, பிறகு இறங்குகிறேன்" என்றால் என்ன செய்வது? சான்று தண்ணீருக்குள்தான் இருக்கிறது. இறங்கினால்தான் கிடைக்கும்.

ஆகவே, உடலால் கற்கும் கல்வி எதுவாயினும் மாணவன் முன்கூட்டியே சிறிது நம்பிக்கை வைத்தாக வேண்டியிருக்கிறது. இதை மறுப்பவர் எதையும் கற்றதில்லை. வினாவை மேலும் மேலும் அடுக்கிப் பயிற்சியிலிருந்து தப்பித்துக்கொள்ளும் மாணவர்களும் உண்டு. கால் வலிக்கும்போது தத்துவம் பேசுகிறவர்கள்! அவர்களுடைய வினா வினாவே அன்று, விடுமுறை விண்ணப்பம்.

ஆனால், எந்த வகை நம்பிக்கை? இங்கேதான் நாம் கோடு கிழிக்கிறோம். நம்பிக்கை கடனாக இருக்கலாம், காணிக்கையாக இருக்கக்கூடாது. கடனுக்குத் தவணை உண்டு, கணக்கு உண்டு, திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு. காணிக்கைக்கு இவற்றில் எதுவுமில்லை. கொடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "மூன்று திங்கள் இப்படி நில், உன் முழங்கால் வலி குறைகிறதா, உன் நிலை உறுதிப்படுகிறதா என்று நீயே பார்" என்கிற ஆசிரியர் கடன் கேட்கிறார். "பத்தாண்டு நில், அதன்பின் விளங்கும், விளங்கவில்லையானால் குறை உன்னுடையது" என்பவர் காணிக்கை கேட்கிறார். கட்டைவிரலைக் கேட்ட ஆசிரியரின் கதை நமக்குத் தெரியும். அங்கே கேட்டவர் ஆசிரியர், கொடுத்தவன் மாணவன். ஏன் என்ற வினா மட்டும் எவர் வாயிலும் எழவில்லை!

சீனத்திலே இந்தக் காணிக்கைக்கு முறையான சடங்கே உண்டு. ஆசிரியரை 'ஷிஃபு' என்று அழைக்கிறார்கள். ஆசிரியர், தந்தை என்னும் இரு எழுத்துகளால் ஆன சொல் அது. உடன் பயில்பவர்கள் அண்ணன் தம்பிகள். ஆசிரியரின் ஆசிரியர் பாட்டனார். மாணவன் மண்டியிட்டு வணங்கி, தேநீர் ஏந்திக் கொடுத்து, குடும்பத்துக்குள் பிள்ளையாகப் புகுகிறான். புகுந்தவன் உள்ளறை மாணவன். புகாதவன் வெளியே நிற்பவன். இதிலே அன்பு இல்லை என்று நாம் கூறமாட்டோம். நோயுற்ற ஆசிரியரை இறுதிவரை காத்த மாணவர்கள் உண்டு. வறிய மாணவனுக்குச் சோறிட்டு வளர்த்த ஆசிரியர்கள் உண்டு. ஆனால் தந்தையாகிவிட்டவரைச் சோதிப்பது எப்படி? கை தவறானால் திருத்தச் சொல்லலாம். தந்தையே தவறானால் யாரிடம் சொல்வது?

சீனப் பண்பாடே அப்படித்தான் என்று சிலர் சொல்லிவிடுவர். இல்லை! தாங் அரச காலத்தில் வாழ்ந்த ஹான் யூ (768 - 824) என்னும் அறிஞர் ஆசிரியரைப் பற்றிக் கட்டுரையொன்று வரைந்தார். மாணவன் ஆசிரியரினும் தாழ்ந்தவனாக இருந்தே தீரவேண்டியதில்லை, ஆசிரியர் மாணவனினும் உயர்ந்தவராக இருந்தே தீரவேண்டியதில்லை, ஒருவர் முன்னே கேட்டார், மற்றவர் பின்னே கேட்டார், அவ்வளவே வேறுபாடு என்பது அதன் கருத்து. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு! அதுமட்டுமா? சீன மொழியில் கல்வியறிவைக் குறிக்கும் சொல் இரண்டு எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்தின் பொருள் கற்றல். இரண்டாவதன் பொருள் வினவுதல். வினாவைத் தள்ளிவிட்டால் அந்தச் சொல்லே பாதியாகிவிடும்.

நம் மொழியோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. கேள் என்றால் செவிகொடு என்றும் பொருள். வினவு என்றும் பொருள். பணிந்து செவிமடுப்பவனும் கேட்கிறான். நிமிர்ந்து வினவுபவனும் கேட்கிறான். வள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதை அடுத்தே அறிவுடைமையை வைத்தார். இரண்டு செயலுக்கும் ஒரே சொல் வைத்த முன்னோர் என்ன எண்ணி வைத்தனரோ நாம் அறியோம். ஆனால் அந்த ஒரு சொல் தாய்ச்சியின் உயிர்நிலைக்கு நம்மை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஏனெனில், தாய்ச்சியிலும் கேட்டல் என்றொரு திறன் உண்டு. அது செவியால் கேட்பதன்று, தோலால் கேட்பது. இருவர் எதிரெதிரே நின்று, முன்கையை முன்கையோடு ஒட்டிவைத்து, வட்டமாகத் தள்ளியும் தள்ளலை ஏற்று விலக்கியும் பயில்கின்றனர். தள்ளும் கைப் பயிற்சி என்கின்றனர் இதனை. எதிரில் நிற்பவரின் எடை எங்கே இருக்கிறது, எந்தக் கணத்தில் அவர் விறைக்கிறார், எந்தப் பக்கம் அவர் நிலை இளகியிருக்கிறது என்பதைக் கை கேட்க வேண்டும். கேட்டபின் கையே வினவ வேண்டும்: இங்கே தள்ளினால் நிற்பாயா? பதில் உடனே வரும். நின்றால் நின்றான், சாய்ந்தால் சாய்ந்தான். இடையிலே சாத்திரம் இல்லை, சாட்சி இல்லை, பரம்பரைப் பெருமை இல்லை. ஆசிரியர் கூறியதனைத்தும் மாணவனின் உள்ளங்கையில் வந்து கணக்குக் கொடுக்கின்ற இடம் அது. இப்படியொரு சோதனைக் கூடத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் கலைகள் உலகில் மிகப் பலவல்ல.

செங் மான்-சிங் (1902 - 1975) என்ற ஆசிரியர், யாங் செங்ஃபூவிடம் பயின்றவர், 1964-இல் நியூயார்க் சென்று அமெரிக்க இளைஞர்களுக்குப் பயிற்றுவித்தவர். தோல்வியில் முதலீடு செய்யுங்கள் என்பது அவர் மாணவர்க்குக் கூறிய அறிவுரை. தள்ளப்படும்போது முரட்டு வலிமையால் எதிர்த்து நின்று வெற்றி பெறாதே, தோற்றுப்போ, எங்கே தோற்றாய் என்று பார் என்பது அதன் உட்பொருள். அருமையான அறிவுரை. ஆனால் இது மாணவனுக்கு மட்டும்தானா? ஆசிரியரும் அந்த முதலீட்டைச் செய்வாரா? தம் மாணவன் ஒரு நாள் தம்மைத் தள்ளிவிட்டால், நன்று, எங்கே பிடித்தாய் காட்டு என்று கேட்பாரா? கேட்பவரை நாம் தலை தாழ்த்தி வணங்குவோம். கேட்காதவரிடம் என்ன நிகழும்?

அதைத்தான் பலமுறை பார்த்துவிட்டோம். தள்ளும் கைப் பயிற்சியிலே மாணவன், மரியாதையின் காரணமாக, முதல் நாள் சிறிது அதிகமாகவே பின்வாங்குகிறான். ஆசிரியர் மகிழ்கிறார். மறுநாள் மற்றொருவன் இன்னும் இரண்டடி அதிகம் பின்வாங்குகிறான். மூன்றாம் நாள் ஒருவன் துள்ளியே விழுகிறான். துள்ளாதவன் உணர்ச்சியற்றவன், உள்ளே புகாதவன் என்று பெயர் வாங்குகிறான். எனவே அவனும் துள்ளத் தொடங்குகிறான். சில ஆண்டுகளில் ஆசிரியர் தொடவே வேண்டியதில்லை, கையை அசைத்தால் போதும், பத்தடி தொலைவில் நிற்பவன் பறந்து விழுகிறான்! வெற்றுவெளி விசை என்று அதற்குப் பெயரும் சூட்டப்படுகிறது. இங்கே ஏமாற்றியவர் யார்? ஏமாந்தவர் யார்? நம் கணிப்பிலே, பாதிக்கு மேற்பட்ட பழி துள்ளிய மாணவர்களையே சாரும். பணிவு என்று எண்ணி அவர்கள் செய்தது பாதகம். ஆசிரியரின் கண்களை அவர்களே கட்டினார்கள்.

ஜப்பானில் இப்படித் தொடாமலே மாணவர்களை வீழ்த்தி வந்த முதியவர் ஒருவர், 2006-இல், தாமே பந்தயம் வைத்து, வெளியாள் ஒருவருடன் மேடையேறினார். அவரது கையசைவு வெளியாளை ஒன்றும் செய்யவில்லை. முகத்தில் குத்து விழுந்தது. முதியவர் குருதி சிந்தத் தரையில் கிடந்தார். அவர் பொய்யர் என்று நாம் நினைக்கவில்லை. பொய்யர் தம் சொந்தப் பணத்தை வைத்தா பந்தயம் கட்டுவார்? அவர் உண்மையாகவே நம்பினார். பல ஆண்டுகளாக அவரிடம் எவரும் வினவவில்லை. அதனால் பதில் என்னவென்று அவருக்கே தெரியாமற் போயிற்று.

சீனத்திலே 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், செங்து நகரத்தில், சூ சியாவ்தோங் என்ற கலப்புப் போர் வீரர் தாய்ச்சி ஆசிரியர் ஒருவரைச் சில நொடிகளிலேயே வீழ்த்தினார். தோற்றவர் பெயரைக் கூறி ஆகப்போவதென்ன? அவர் தோற்றதைவிடப் பின்னர் நடந்ததே கருதத்தக்கது. நாடெங்கும் கொதிப்பு. பண்பாட்டை இழிவு செய்தான் என்று கூக்குரல். வென்றவரின் சமூக வலைத்தளக் கணக்கு முடக்கப்பட்டது. 2019-இல், புகழ்பெற்ற தாய்ச்சி ஆசிரியர் ஒருவரை இழித்துரைத்தார் என்ற வழக்கில் மன்னிப்புக் கேட்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. விரைவு ரயிலிலும் வானூர்தியிலும் செல்லத் தடைகளும் வந்து சேர்ந்தன. அவர் நாவடக்கம் இல்லாதவர் என்பது மெய். வசையை நாம் வினாவென்று ஏற்கவில்லை. ஆனால், வசைக்குத் தண்டனை வந்த வேகத்தில் வினாவுக்கு விடை வந்ததா? அதைத்தான் கேட்கிறோம்.

முன்பொரு காலத்தில் இதைவிடக் கண்ணியமாக நடந்ததும் உண்டு. 1954-ஆம் ஆண்டு சனவரியில், மக்காவ் நகரத்தில், தாய்ச்சி ஆசிரியர் ஊ குங்-யீயும் வெண்கொக்குப் போர்முறை ஆசிரியர் சான் ஹக்-ஃபூவும் மேடையேறினர். முன்னவர் ஐம்பதைக் கடந்தவர், பின்னவர் இளையவர். ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி 1953 கிறிஸ்துமஸ் நாளில் தீக்கிரையாகிப் பல்லாயிரவர் வீடிழந்திருந்தனர். அவர்களுக்கு உதவித் திரட்டும் நிகழ்ச்சி அது. மூக்கில் குருதி வழிந்தது. இரண்டாம் சுற்றிலேயே போர் நிறுத்தப்பட்டது. வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, சமமுமில்லை என்று தீர்ப்பாயிற்று! பார்த்தவர்கள், இத்தனை புகழுக்குப் பின்னே இவ்வளவுதானா என்று கேட்டிருப்பர். கேட்கட்டுமே. இரு ஆசிரியர்கள் தம் புகழைப் பொதுமேடையில் வைத்துப் பார்த்தார்களே, அது சிறுமையா? பெருமை என்போம். அடுத்த சில நாட்களில் லியாங் யூ-ஷெங் என்ற எழுத்தாளர் அந்தப் பரபரப்பைப் பற்றுக்கோடாகக் கொண்டு தொடர்கதை ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து புதிய போர்வீரக் கதைகளின் வெள்ளமே பெருகியது. மேடையில் நடந்தது சில நிமிடம். கற்பனை பல ஆயிரம் பக்கம்!

ஆனால் இங்கே நம் பக்கத்து இளைஞர்களுக்கும் ஒரு சொல். குத்துச்சண்டைக்காரரிடம் தோற்றதால் தாய்ச்சி முழுவதும் பொய் என்று எக்களிப்பதும் பகுத்தறிவன்று. கேட்ட வினா எதுவோ அதற்குத்தான் விடை கிடைத்தது. பூங்காவிலே நிற்கும் எழுபது வயது மூதாட்டி எவரையும் வீழ்த்த வரவில்லை. தாம் வழுக்கி விழாதிருக்க வந்திருக்கிறார். அவருடைய வினா வேறு. அதற்கும் ஆய்வாளர் விடை தேடியிருக்கின்றனர். 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தாய்ச்சி பயிலும் முதியோரிடையே கீழே விழும் நிகழ்ச்சிகள் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையக்கூடும் என்று கணித்தது. கூடவே, இதற்குரிய சான்று அத்தனை உறுதியானதன்று என்றும் ஒளிக்காமல் எழுதியது. எத்தனை அழகிய பழக்கம் இது! கூறுவதைக் கூறி, கூறியதன் எல்லையையும் கூறிவிடுவது. பத்தாண்டு செய்தால் விளங்கும் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

'சீ' என்னும் உயிர்விசையைப் பற்றியும் இதே அளவையால் அளக்கலாம். தலை உச்சியில் நூல் கட்டி மேலேயிருந்து தொங்கவிட்டதுபோல் நில் என்று ஆசிரியர் சொல்கிறார். நூல் எங்கே என்று எவரும் தேடுவதில்லை. அப்படி எண்ணிக்கொண்டால் கழுத்து நிமிர்கிறது, அது போதும். விசையை அடிவயிற்றில் இறக்கு என்பதும் அவ்வாறே பயன்படலாம். மூச்சு ஆழ்கிறது, தோள் இறங்குகிறது. உவமையாக இருக்கும்வரை அதனோடு நமக்குப் பகையில்லை. அதே நூலால் நோயனைத்தும் தீரும், பணத்தை எடுத்து வை என்று ஒருவர் சொல்லும்போது, நூலைக் காட்டு என்று கேட்டே ஆகவேண்டும்.

இனி, மௌனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. சீனத்து மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. பூனை புலிக்கு ஆசானாக இருந்ததாம். பதுங்கலும் பாய்தலும் கவ்வலும் கற்பித்ததாம். கற்று முடித்த புலி ஆசானையே தின்னப் பாய்ந்தது. பூனை மரத்தில் ஏறிக்கொண்டது. இதை எனக்குச் சொல்லித் தரவில்லையே என்றது புலி. தந்திருந்தால் நான் இருந்திருப்பேனா என்றது பூனை! கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் இந்தப் பூனை நீதியைக் கையாண்ட ஆசிரியர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் ஒன்றை மறைத்து வைத்தால், பத்துத் தலைமுறையில் எஞ்சுவது என்ன? அதைவிடப் பெரிய கேடு மற்றொன்று. மாணவன் வினவுகிறான், ஆசிரியர் வாய் திறக்கவில்லை. மறைக்கிறாரா? அறியாரா? வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரகசியம் உண்டு என்ற பேச்சு ஒருமுறை பரவிவிட்டால் போதும், பிறகு அறியாமைக்கு அதைவிடச் சிறந்த போர்வை கிடையாது. மௌனம் சாதிக்கும் மூடரும் முனிவராகிவிடுவார்.

ஹெனான் மாநிலத்துச் சென் குலத்தார் வாழும் சிற்றூரே இக்கலையின் பழைய இருப்பிடம். குலத்துக்குள்ளே கைமாறி வந்த கலை. அங்கே சென் சாங்சிங் (1771 - 1853) என்பவரிடம் குலத்தைச் சேராத யாங் லூச்சான் (1799 - 1872) பயின்றார். பணியாளாகப் புகுந்து, இரவில் சுவர்ப் பிளவு வழியே பார்த்துத் திருட்டுத்தனமாகக் கற்றார் என்று ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். கதை எப்படியோ, வெளியாள் ஒருவர் கற்றார் என்பது மெய். அவர் பெய்ஜிங் சென்று கற்பித்தார் என்பதும் மெய். கதை கட்டியவர்கள் தம்மையறியாமலே ஒன்றை ஒப்புக்கொண்டு விட்டார்கள்: வாயில் அடைபட்ட வீட்டில் கல்வி சுவர்ப் பிளவு வழியாகத்தான் வெளியே வரமுடியும்.

யாங் லூச்சான் தாம் கற்றதைக் கற்றவாறே வைத்திருந்தாரா? இல்லை, மாற்றினார். அவர் பேரன் யாங் செங்ஃபூ (1883 - 1936) துள்ளலையும் திடீர் வீச்சையும் குறைத்து, ஒரே சீராக மெல்ல ஓடும் வடிவமாக்கினார். அவர் மாணவர் செங் மான்-சிங் அந்த நீண்ட வடிவத்தை 37 நிலைகளாகச் சுருக்கினார். 1956-இல் மக்கள் சீனத்தின் உடற்கல்வித் துறை வல்லுநரைக் கூட்டி 24 நிலைகளே கொண்ட எளிய வடிவத்தை வகுத்து, தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் அனுப்பியது. மண்டியிடாமல், தேநீர் ஏந்தாமல், எவருடைய பிள்ளையாகவும் ஆகாமல், யாரும் கற்கலாம் என்று ஆயிற்று. ஆழம் குறைந்துவிட்டது என்று பழையவர்கள் முணுமுணுத்தனர். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் நாம் கவனிப்பது வேறு. முன்னோர் வைத்ததை மாற்றாதே என்று இன்று ஆணையிடுபவர்கள் யார்? மாற்றியவர்களின் வழித்தோன்றல்கள்! ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் துணிந்து வினவியதால் உருவான கலையை, இனி எவரும் வினவக்கூடாது என்று பூட்டுகிறார்கள்.

பூட்டுக்குச் சாவி வேண்டுமே! அதற்காகத்தான் பிறப்புக் கதை. தாய்ச்சியைப் படைத்தவர் ஊதாங் மலையில் வாழ்ந்த சாங் சான்ஃபெங் என்னும் சித்தராம். கனவிலே கடவுளிடம் கற்றாராம். கடவுள் தந்ததை மனிதன் எப்படி வினவுவான்? இந்தக் கதையை ஆராய்ந்தவர் தாங் ஹாவ். ஜப்பானில் சட்டம் பயின்றவர். சட்டம் பயின்றவர் சான்று கேட்பார் அல்லவா? 1930-இல் அவர் ஷாவ்லினையும் ஊதாங்கையும் பற்றி நூல் வெளியிட்டார். சாங் சான்ஃபெங்கைப் போர்க்கலையோடு இணைக்கும் பழைய குறிப்பு 1669-இல் எழுதப்பட்ட ஒரு கல்லறை வாசகம். அதிலும் தாய்ச்சி என்ற பெயரே இல்லை. சித்தரும் தாய்ச்சியும் வெகு பின்னாளில் ஒட்டப்பட்டவர்கள் என்று காட்டினார். நூல் வெளிவந்ததும் பாராட்டா கிடைத்தது? அவரை அடித்து நொறுக்க ஆள்கள் திட்டமிட்டனர் என்றும், போர்க்கலை வல்லார் சிலரே இடையில் புகுந்து தடுத்தனர் என்றும் சொல்லப்படுகிறது. தாங் ஹாவ் அஞ்சவில்லை. சென் குலத்தார் சிற்றூருக்கே போனார்; குலப் பதிவேடுகளைப் புரட்டினார்; 17-ஆம் நூற்றாண்டினரான சென் வாங்திங்கே இக்கலையின் தொடக்கம் என்று முடிவு கூறினார். அந்த முடிவையும் பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். அது அவருக்கு இழுக்கா? தெய்வக் கதையை ஐயுற்றால் பாவம் என்றார்கள். ஆய்வின் முடிவை ஐயுற்றால் அடுத்த ஆய்வு பிறக்கிறது.

இதுவரை படித்த நம் இளைஞர்கள் தலையசைத்து மகிழ்ந்திருப்பர். சீனத்தான் மடமையைச் சீனத்தானே உடைத்தான், நன்று என்று! சற்றுப் பொறுங்கள். அதே 1930-ஆம் ஆண்டு நூலில் தாங் ஹாவ் உடைத்த மற்றொரு கதை நம் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசர் போதிதருமர் ஷாவ்லின் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்று நாம் மார்தட்டுகிறோம். 2011-இல் திரைப்படமும் பார்த்துக் கைதட்டினோம். சான்று என்ன? போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகத்தார் என்கிறது; மற்றொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சி இல்லை, பல்லவர் இல்லை, போர்க்கலையும் இல்லை. அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர் முடிவு. தென்னாட்டிலிருந்து துறவியொருவர் சீனம் சென்று பெருமை பெற்றிருக்கலாம், அதற்கு இடமுண்டு. சீனத்தாருக்குக் கைகால் அசைக்கக் கற்பித்தவரே நாம்தான் என்பதற்கு இடமில்லை.

கசக்கிறதா? கசக்கத்தான் செய்யும். நம் தோள் மீது ஒருவர் முன்கையை வைத்து, நிற்பாயா என்று வினவுகிறார். துள்ளி விழுந்து மரியாதை காட்டவும் வேண்டாம். விறைத்துக்கொண்டு முறைக்கவும் வேண்டாம்.

அந்தப் பூங்காவுக்குத் திரும்புவோம். வெயில் ஏறிவிட்டது, பனி விலகிவிட்டது, பலர் வீடு திரும்பிவிட்டனர். இளைஞன் மட்டும் விடவில்லை. "இந்தக் கையை இவ்விடத்தில் வைப்பானேன்?" என்று மறுபடி கேட்கிறான். நாம் காண விரும்பும் ஆசிரியர் பத்தாண்டுக் கணக்குச் சொல்லவில்லை. தம் முன்கையை நீட்டி, "தள்ளிப் பார்" என்கிறார். தள்ளுகிறான், அவர் அசையவில்லை. கையை நான்கு விரல் கீழே இறக்கி, "இப்போது தள்ளு" என்கிறார். தள்ளுகிறான், அரையடி பின்னால் போகிறார். வேண்டுமென்றே போனாரோ என்று இளைஞனுக்கு ஐயம்.

"இன்னொரு முறை தள்ளலாமா?" என்று கேட்கிறான்.

"தள்ளு" என்கிறார்.